தினமும் முதுமையடையும் கடவுள்: பண்டைய எகிப்தின் ரா

சூரியக் கடவுள் என்றதும் நமக்குப் பகல்தான் ஞாபகம் வரும். ஒளி, வெப்பம், விளைச்சல், இப்படி. ஆனால் எகிப்தில் அரசர்களின் பள்ளத்தாக்கில் இருக்கும் மூன்றாம் துத்மோஸின் கல்லறைக்குள் (அவர் ஆட்சிக்காலம் கி.மு. 1479 முதல் 1425 வரை) இறங்கிப் பார்த்தால், அங்கே சுவர் முழுக்க வரைந்து வைத்திருப்பது சூரியனின் இரவை. உடலை வைத்த அறை மூலை இல்லாத நீள்வட்ட வடிவம். அதன் சுவர்களைச் சுற்றி பப்பிரஸ் என்ற நாணல் தாளின் பெரிய சுருளை விரித்து ஒட்டியது போல, மங்கலான பின்னணியில் கறுப்பு, சிவப்பு மையால் குச்சி மனிதர்களாகக் கடவுள்களை வரைந்திருக்கிறார்கள். ஆடம்பர வண்ணம் எதுவும் இல்லை. மேற்கே மறைந்த சூரியன் கிழக்கே திரும்பி வரும்வரை நடக்கிற பன்னிரண்டு மணி நேரத்தின் முழுக் கணக்கு அது. அம்துவாத் என்று ஆய்வாளர்கள் சொல்லும் நூலின் முழுப் பிரதிகளில் மிகப் பழையவற்றில் இது ஒன்று.

ராவைப் புரிந்துகொள்ள இங்கேதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். பொதுவாக ராவைப் பற்றி எழுதும்போது "பருந்துத் தலை, தலைமேல் சூரிய வட்டு, எகிப்தின் தலைமைக் கடவுள்" என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வர்ணனையில் எகிப்தியர்களை மூவாயிரம் வருடம் வாட்டிய கவலை விடுபட்டுப்போகிறது: நாளைக் காலை இவர் திரும்பி வருவாரா? ரா சர்வ வல்லமை படைத்து எங்கோ உட்கார்ந்திருக்கிற கடவுள் கிடையாது. காலையில் பிறந்து, நண்பகலில் வலுத்து, மாலையில் கிழவராகித் தளர்ந்து, இரவில் சாவின் உலகத்துக்குள் போய் ஆபத்தைத் தாண்டி வரவேண்டியவர். அதற்கு மற்ற கடவுள்கள், இறந்தவர்கள், அரசர், பூசாரி எல்லோருடைய உதவியும் அவருக்குத் தேவை. எகிப்திய மதத்தின் பாதி விஷயங்கள் இந்த ஒரு எண்ணத்தில் இருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் வடிவங்கள். காலையில் அவர் பெயர் கெப்ரி, வடிவம் சாண வண்டு. பகலில் ரா. மாலையில் ஆதும், தடியூன்றிய கிழவராகவும் காட்டுவார்கள். வண்டு ஏன் என்றால், அது சாணத்தை உருட்டிக்கொண்டு போவதை எகிப்தியர்கள் தினம் பார்த்தவர்கள். உருண்டைக்குள் இருந்து குட்டி வண்டுகள் தாமாகவே வெளியே வருவதையும் பார்த்தார்கள். உருட்டப்படும் வட்டு, தன்னிலிருந்தே தான் பிறப்பது, ரெண்டும் ஒரே பூச்சியில் இருந்தால் அதைவிடப் பொருத்தமான உருவம் வேறு என்ன கிடைக்கும்? கர்னாக் கோவிலில் புனிதக் குளத்தின் ஓரம் மூன்றாம் ஆமென்ஹோதெப் காலத்துப் பெரிய கல் வண்டு ஒன்று இன்றும் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இந்த வழிபாட்டின் தலைநகரம் ஹீலியோபோலிஸ். கிரேக்கர்கள் வைத்த பெயர் அது, எகிப்தியர்கள் இயூனு என்றார்கள். ஆதியில் எங்கும் நீராக இருந்தது, அதிலிருந்து ஒரு மேடு எழும்பியது, அதன்மேல் ஆதும் தானாகத் தோன்றி மற்றக் கடவுள்களைப் படைத்தார் என்பது அந்த ஊர்ப் பூசாரிகளின் படைப்புக் கதை. அந்த மேட்டின் அடையாளமாகப் பென்பென் என்ற புனிதக் கல்லை அங்கே வைத்திருந்தார்கள். ஒபிலிஸ்க் தூண்களின் கூர்முனை, பிரமிடின் உச்சிக்கல் இவற்றுக்கெல்லாம் இதுதான் முன்மாதிரி என்பது பரவலான கருத்து.

இனி அந்த இரவுக்கு வருவோம். ரா போவது படகில். நைல் நதியை நம்பி வாழ்ந்த ஜனங்களுக்கு நெடும்பயணம் என்றாலே படகுதான். பகலுக்கு ஒரு படகு, இரவுக்கு வேறு படகு. இரவுப் படகில் ஏறும்போது அவர் தலை ஆட்டுக்கிடாவின் தலையாக மாறிவிடுகிறது. பூமிக்கு அடியில் உள்ள உலகத்தின் பெயர் துவாத். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் ஒரு தனிப் பிரதேசம். முதல் மூன்றில் தண்ணீர் இருக்கிறது, வயல் இருக்கிறது, இறந்தவர்கள் எழுந்து வரவேற்கிறார்கள். நாலாவது மணியில் எல்லாம் மாறுகிறது. மணல்வெளி. தண்ணீர் வற்றிப்போய்ப் படகைக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது, படகே பாம்பாக மாறி வாயிலிருந்து நெருப்பை விட்டு இருட்டில் வழி காட்டுகிறது. மூன்றாம் துத்மோஸின் கல்லறைச் சுவரில் அந்த இடத்தில் பாதை குறுக்கும் மறுக்குமாக வளைந்து போவதைப் பார்க்கலாம்.

ஆறாவது மணி நள்ளிரவு. அங்கே ராவின் உயிர் தன்னுடைய சவத்தோடு ஒன்று சேர்கிறது. அந்தச் சவம்தான் ஒசைரிஸ் என்று கொள்வது வழக்கம். இது எகிப்திய இறையியலின் உச்சம் என்றே சொல்லலாம். மேலே வானத்தை ஆளும் சூரியனும், கொல்லப்பட்டுக் கீழுலகின் அரசனான ஒசைரிஸும் ஒரு நொடி ஒரே ஆளாகிறார்கள், அந்தச் சேர்க்கையில்தான் ராவுக்குப் புது உயிர் கிடைக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் பட்டத்தரசி நெஃபெர்தாரியின் கல்லறையில் இதை ஒரே படத்தில் காட்டியிருக்கிறார்கள்: மம்மியாகச் சுற்றிய உடல், கிடாத் தலை, அதன்மேல் சூரிய வட்டு, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தபடி ஒசைரிஸின் மனைவி ஐசிஸும் அவள் தங்கை நெஃப்திஸும். பக்கத்தில் எழுத்து: ஒசைரிஸ் ராவில் இளைப்பாறுகிறார், ரா ஒசைரிஸில் இளைப்பாறுகிறார்.

ஏழாவது மணியில் அபோபிஸ் காத்திருக்கிறது. பிரம்மாண்டமான பாம்பு. அதை யாரும் கும்பிடுவதில்லை, அதற்குக் கோவில் இல்லை. வழியில் இருக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடுவதால் படகு மணல்திட்டில் மாட்டிக்கொள்கிறது. ஐசிஸின் மந்திரமும் சேத்தின் மந்திரமும்தான் படகை நகர்த்துகின்றன. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒசைரிஸைக் கொன்ற அதே சேத், பாலைவனத்துக்கும் புயலுக்கும் கடவுளான முரட்டுச் சேத், ராவின் படகு முனையில் ஈட்டியோடு நின்று அபோபிஸைக் குத்துகிறான். கெட்டவன் என்று ஒதுக்கிவிட்டால் இந்த வேலைக்கு ஆள் இல்லை. உலகம் ஓடுவதற்கு முரட்டுத்தனமும் தேவைப்படுகிறது என்பதை எகிப்தியர்கள் எவ்வளவு தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கும்.

கடைசி மணியில் ஒரு நீண்ட பாம்பின் உடலுக்குள் வால் வழியாக நுழைந்து வாய் வழியாக வெளியே வருகிறார்கள். கிழவர்களாக நுழைகிறவர்கள் குழந்தைகளாக வெளிவருகிறார்கள். முன்னே சாண வண்டு. விடிந்தது.

சரி, இதெல்லாம் கதை, கீழே இருந்த மனிதர்கள் என்ன செய்தார்கள்? நிறையவே செய்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பிரெம்னர்-ரைண்ட் என்ற பெயரில் ஒரு பப்பிரஸ் இருக்கிறது, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் அபோபிஸை வீழ்த்துவதற்கான சடங்கு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. மெழுகில் பாம்பு உருவம் செய்ய வேண்டும், அதன் பெயரை எழுத வேண்டும். அப்புறம் அதன்மேல் துப்ப வேண்டும், இடது காலால் மிதிக்க வேண்டும், ஈட்டியால் குத்தி, கத்தியால் வெட்டி, கடைசியில் நெருப்பில் போட வேண்டும். வருஷத்துக்கு ஒருநாள் நடத்தும் விழா இல்லை இது. வானில் மேகம் திரண்டு புயல் கிளம்பினால் அப்போதும் செய்ய வேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு. சூரியனை மறைக்கிற எதுவும் அந்தப் பாம்பின் வேலைதான்.

அரசர் இதில் நடுநாயகம். கீஸாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் மகன் ஜெதெஃப்ரே, கி.மு. 26ஆம் நூற்றாண்டில், "ராவின் மகன்" என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார். அதைப் பயன்படுத்தியதாகத் தெரிந்த முதல் அரசர் அவரே. அதற்குப் பிறகு அந்தப் பட்டம் அரச பெயர்களோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. பின்னாளில் தீபெஸ் நகரத்துக் கோவில்களில் எழுதி வைத்த ஒரு பாடம், ரா அரசனைப் பூமியில் வைத்ததன் நோக்கத்தையே சொல்கிறது: மனிதர்களுக்கு நீதி வழங்க, கடவுள்களைத் திருப்திப்படுத்த, மாஅத்தை நிலைநாட்ட. மாஅத் என்றால் உண்மை, நீதி, உலகின் ஒழுங்கு மூன்றும் சேர்ந்தது, ராவின் மகளாகவும் அவளை வணங்கினார்கள். அந்தப் பாடத்தின் இன்னொரு பகுதியில், விடியலில் சூரியனைப் பார்த்துக் கூச்சலிடும் பபூன் குரங்குகளின் பேச்சு அரசனுக்குப் புரியும் என்று வருகிறது. பபூன்கள் காலையில் உண்மையாகவே சத்தம் போடும், எகிப்தியர்கள் அதை வணக்கமாக எடுத்துக்கொண்டார்கள். அபு சிம்பெல் பெரிய கோவிலின் முகப்பில், ராம்சேஸின் நான்கு ராட்சதச் சிலைகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் கண்ணைக் கீழே இறக்கிவிடுவார்கள். உச்சியில் வரிசையாகக் கை தூக்கி நிற்கும் பபூன்களைத் தவறவிடக் கூடாது.

ராவின் செல்வாக்கு கண்கூடாகத் தெரிவது ஐந்தாம் வம்சத்தில், கி.மு. 2500க்கும் 2350க்கும் இடைப்பட்ட காலம். பிரமிடு கட்டுவதோடு நிற்காமல் ராவுக்கென்று தனியாகச் சூரியக் கோவில்களும் கட்டினார்கள். ஆறு கோவில்களின் பெயர்கள் பழைய எழுத்துகளில் கிடைக்கின்றன. உறுதியாக அடையாளம் கண்டவை இரண்டு: அபுசிரில் யூசெர்காஃப் கட்டியது, அபு குராபில் நியூசெர்ரே கட்டியது. அபு குராபை 1898க்கும் 1901க்கும் இடையில் ஜெர்மானியர்கள் தோண்டினார்கள். மூடிய கருவறை கிடையாது, இருட்டறைக்குள் சிலை கிடையாது. திறந்த முற்றம், அதன் பின்னால் உயர்ந்த மேடைமேல் கல்லை அடுக்கிக் கட்டிய பருமனான ஒபிலிஸ்க். முற்றத்தின் நடுவில் வெண்சலவைக்கல் பலிபீடம் இன்னும் அதே இடத்தில் கிடக்கிறது: நடுவே ஒரு வட்டம், நான்கு திசையிலும் "படையல்" என்ற எகிப்திய எழுத்தின் உருவம். எந்தத் திசையில் இருந்து பார்த்தாலும் படையல் சூரியனுக்கு என்று படிக்கும்படி செதுக்கியிருக்கிறார்கள். கோவிலுக்குத் தெற்கே செங்கல்லால் கட்டிய, சுமார் 30 மீட்டர் நீளப் படகு. எங்கும் போகாத படகு, ராவுக்காக.

உள்ளே ஒரு அறையில் பருவங்களைச் செதுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளப் பருவத்திலும் கோடையிலும் என்னென்ன நடக்கும், மீன் எப்படி நகரும், விலங்குகள் எப்படிக் குட்டி போடும் என்று. தேனெடுக்கும் காட்சிகூட அந்தக் கோவிலில் உண்டு, தேனீ வளர்ப்புக்கு நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய படங்களில் அது முக்கியமானது. சூரியன் என்ன செய்கிறது என்பதைப் புகழ்ச்சியாகச் சொல்லாமல், மீனையும் தேனீயையும் காட்டியே சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அது கணக்கு வழக்கு. அபுசிரில் கிடைத்த கோவில் நிர்வாகப் பப்பிரஸ்களில், ரொட்டி, பீர், இறைச்சி போன்றவை சூரியக் கோவில் வழியாக அரசரின் பிரமிடுக் கோவிலுக்கு வந்து சேர்ந்த விவரம் பதிவாகியிருக்கிறது. முதலில் ராவுக்குப் படைக்க வேண்டும், பிறகு இறந்த அரசருக்கு, அதன் பிறகு அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பங்கு. அரசர் செத்த பிறகும் சாப்பிடுவது ராவின் தயவில். இந்த வம்சத்தின் முதல் மூன்று அரசர்களும் ராவுக்கும் ஒரு பூசாரியின் மனைவி ரெத்ஜெதெத்துக்கும் பிறந்த மூன்று குழந்தைகள் என்று பிற்காலத்து வெஸ்ட்கார் பப்பிரஸ் கதை கட்டியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த வம்சத்தின் முடிவிலேயே சூரியக் கோவில் கட்டுவது நின்றுபோனது. கி.மு. 2350 வாக்கில் அதன் கடைசி அரசர் உனாஸின் பிரமிடுக்குள் எழுதிய மந்திரங்களில் ராவோடு ஒசைரிஸும் பெரிதாக வந்துவிடுகிறார். பகலுக்கு மட்டும் கோவில் கட்டினால் போதாது, சாவுக்கும் பதில் வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். இது என் வாசிப்பு.

ராவின் முதுமையைப் பற்றி எகிப்தியர்கள் தயங்காமல் கதை சொன்னார்கள். டூரின் அருங்காட்சியகத்துப் பப்பிரஸில் வரும் கதை இது. ரா கிழவராகிவிட்டார், வாயிலிருந்து எச்சில் வழிகிறது. ஐசிஸ் அந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து பாம்பாக்கி அவர் உலாவும் பாதையில் போடுகிறாள். கடித்துவிடுகிறது. உலகத்தைப் படைத்தவருக்குத் தன்னைக் கடித்தது என்னவென்று தெரியவில்லை, தான் படைக்காத ஒன்று அது. உடம்பு நடுங்குகிறது, வியர்க்கிறது. உன் உண்மைப் பெயரைச் சொல், விஷத்தை இறக்குகிறேன் என்கிறாள் ஐசிஸ். அவர் பெருமைகளை அடுக்குகிறார், காலையில் கெப்ரி, நண்பகலில் ரா, மாலையில் ஆதும் என்கிறார். விஷம் இறங்கவில்லை. இதில் உன் பெயர் இல்லையே என்கிறாள் அவள். கடைசியில் பெயரை அவளிடம் ஒப்படைக்கிறார். கதை அந்தப் பெயரை நமக்குச் சொல்வதில்லை. முக்கியமான விஷயம், இது தேள்கடி, பாம்புக்கடிக்கான மந்திரமாக எழுதப்பட்டது. ராவுக்கே விஷம் ஏறி இறங்கியது என்றால் உனக்கும் இறங்கும் என்று நோயாளிக்குச் சொல்லும் கதை.

இன்னொன்று வானப் பசு நூல். இதன் மிகப் பழைய பிரதி அரசர் தூத்தன்காமூனின் சவப்பெட்டியைச் சுற்றி வைத்திருந்த பொன் பூசிய பெட்டகத்தில் இருக்கிறது. முதலாம் சேதியின் கல்லறையில் முழுமையாக இருக்கிறது. ராவின் எலும்பு வெள்ளியாகவும் சதை பொன்னாகவும் முடி லாபிஸ் நீலக்கல்லாகவும் ஆகிவிட்ட முதுமையில், மனிதர்கள் அவருக்கு எதிராகச் சதி செய்கிறார்கள். அவர் தன் கண்ணை ஹாதோர் என்ற பெண் தெய்வத்தின் வடிவில் அனுப்புகிறார். அவள் கொல்ல ஆரம்பித்து ருசி கண்டுவிடுகிறாள். மனித இனமே அழிந்துவிடும் என்ற நிலையில் ரா மனம் மாறுகிறார். எகிப்தின் தென்கோடித் தீவான எலிஃபான்டைனில் இருந்து செங்காவி கொண்டுவரச் சொல்லி, 7000 ஜாடி பீரில் கலக்கி, ரத்தம் போலச் சிவந்த அதை இரவோடு இரவாக வயல்களில் ஊற்றச் செய்கிறார். காலையில் வந்தவள் குடித்து மயங்கி, யாரைக் கொல்ல வந்தோம் என்பதையே மறந்து திரும்பிப் போகிறாள். பிழைத்தோம். ஆனால் ரா களைத்துவிட்டார். பசு வடிவான வானம் நூத்தின் முதுகில் ஏறிக்கொண்டு பூமியை விட்டே போய்விடுகிறார். உயரத்தில் அவள் நடுங்க, கால்களைத் தாங்கிப் பிடிக்கத் தெய்வங்களை நிறுத்துகிறார்கள். இரவில் தன் இடத்தில் ஒளி தர நிலவாகத் தோத் என்ற கடவுளை நியமிக்கிறார் ரா. சூரியன் ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் துயரமான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நடுவில் தீபெஸ் நகரத்துக் கடவுள் ஆமூன் வளர்ந்து ஆமூன்-ராவாகி, கர்னாக் கோவிலின் செல்வத்தோடு தேசத்தின் தலைமைக் கடவுளானார். பெயர் சேர்ந்ததே தவிர ஹீலியோபோலிஸின் ரா மறையவில்லை.

உடைப்பு வந்தது அக்நாத்தன் என்ற அரசரால், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் நடுவில். ஆத்தன் என்ற சூரிய வட்டு மட்டும்தான் கடவுள் என்றார். புதுத் தலைநகரம் அமர்னாவில், கூரையில்லாத கோவில்கள், நூற்றுக்கணக்கான படையல் மேடைகள். ஆமூனின் பெயரை நாடு முழுக்கச் செதுக்கி எடுத்தார்கள். ஆத்தனுக்கு மனித உருவமோ மிருகத் தலையோ இல்லை, கதிர்களின் நுனியில் கைகள் மட்டும். உலகின் முதல் ஏக இறைவாதம் என்று சிலர் இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் எதை நீக்கினார் என்பது. அவருடைய அதிகாரி ஐ என்பவரின் அமர்னா கல்லறையில் உள்ள ஆத்தன் பெரும்பாடல் அழகானது. முட்டைக்குள் இருந்து குரல் கொடுக்கும் கோழிக்குஞ்சுக்கு மூச்சு தருகிறவன் நீ என்கிறது. ஆனால் இரவு வரும்போது அந்தப் பாடலில் ஒன்றுமே நடப்பதில்லை. உலகம் செத்ததுபோல் இருளில் கிடக்கிறது, சிங்கம் வெளியே வருகிறது, பாம்பு கடிக்கிறது, அவ்வளவுதான். படகு இல்லை, அபோபிஸ் இல்லை, சேத் இல்லை, நள்ளிரவில் ஒசைரிஸோடு சேர்வது இல்லை. இறந்துபோன அப்பா அம்மாவை நினைத்துக்கொண்டிருந்த சாதாரண எகிப்தியனுக்கு அந்தப் பக்கம் காலியாகிவிட்டது. அக்நாத்தன் செத்துச் சில வருடங்களிலேயே எல்லாம் பழையபடி ஆனதற்கு அரசியல், பூசாரிகளின் பணபலம் எல்லாம் காரணம்தான், இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன். அதன் பிறகு வந்த அரசர்கள் இரவைப் பற்றி முன்னைவிட அதிகம் எழுதி வைத்தார்கள்: ஹோரெம்ஹெப்பின் கல்லறையில் வாயில்களின் நூல், பிறகு குகைகளின் நூல், பூமியின் நூல். ஆறாம் ராம்சேஸின் கல்லறைக் கூரையில் நூத் உடம்பை நீட்டிக்கொண்டிருக்கிறாள், மாலையில் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் உடம்புக்குள் சுமந்து, காலையில் பெற்றெடுக்கிறாள்.

ஹீலியோபோலிஸின் மதிப்பு கடைசிவரை குறையவில்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குத் தெற்கே உள்ள நூபியாவில் இருந்து வந்து எகிப்தைப் பிடித்த அரசர் பியே, தன் வெற்றிக் கல்வெட்டில் அங்கே போனதை எழுதியிருக்கிறார். தன்னந்தனியாக நின்று, தாழ்ப்பாளின் முத்திரையை உடைத்து, கதவைத் திறந்து, தந்தை ராவைப் பார்த்தார். காலைப் படகையும் மாலைப் படகையும் பார்த்தார். கதவை மூடி, களிமண் பூசி, சொந்த முத்திரையைப் பதித்து, வேறு எந்த அரசரும் இனி உள்ளே போகக் கூடாது என்று பூசாரிகளிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கோவில் இன்று இல்லை. அகஸ்டஸ் காலத்தில் தொடங்கி அதன் ஒபிலிஸ்குகள் ரோமுக்குப் போயின. மூன்றாம் துத்மோஸ் அங்கே நிறுத்திய இரண்டு முதலில் அலெக்சாண்ட்ரியாவுக்கும், பிறகு ஒன்று லண்டனுக்கும் (1878) இன்னொன்று நியூயார்க்குக்கும் (1881) போய்ச் சேர்ந்தன. மீதிக் கல்லை இடைக்காலக் கெய்ரோ கட்ட எடுத்துக்கொண்டார்கள். கெய்ரோவின் மதரியா பகுதியில், முதலாம் செனுஸ்ரெத் நிறுத்திய சுமார் 20 மீட்டர் உயரச் செங்கல்நிறக் கிரானைட் ஒபிலிஸ்க் ஒன்று மட்டும் தன் இடத்திலேயே, கிட்டத்தட்ட 3900 வருடங்களாக நிற்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். எகிப்து-ஜெர்மன் கூட்டுக் குழு அந்த வீடுகளுக்கு நடுவில் கிடைக்கிற காலி மனைகளில் தோண்டிவருகிறது. நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் பம்பு வைத்து நீரை இறைத்தபடிதான் வேலை நடக்கும். 2017இல் அப்படி ஒரு சேற்றுக் குழியில் இருந்து ராட்சதச் சிலையின் உடல் பகுதியும் தலைத் துண்டும் வெளிவந்தன. முதலில் இரண்டாம் ராம்சேஸ் என்றார்கள், பின்பக்க எழுத்தைப் படித்த பிறகு முதலாம் சாம்திக் என்று தெரிந்தது. அவர் ஆண்டது கி.மு. 7ஆம் நூற்றாண்டில், பியேவுக்கு ஏறக்குறைய நூறு வருடம் பிந்தி. அப்போதும் ராவின் வாசலில் இவ்வளவு பெரிய சிலை வைப்பது ஒரு அரசருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.